கூலிக்கு எடுத்த முகங்கள்

1910-ல் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குக் குடிவந்த ஆகஸ்ட் சாண்டருக்கு அங்கே வாடிக்கையாளர் என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் நல்ல பெயரோடு நடத்திவந்த போட்டோ ஸ்டூடியோவை விற்றுவிட்டு வந்திருந்தார். மனைவி அன்னா, இரண்டு பையன்கள், முப்பத்து மூன்று வயது. லிண்டன்தால் பகுதியில் புது ஸ்டூடியோ திறந்தாயிற்று. படம் பிடிக்க வந்து உட்காரத்தான் ஆட்கள் போதவில்லை. பிழைப்புக்கு வழி தேடிய சாண்டர், கேமராவையும் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்பினார். கொலோனுக்குத் தென்கிழக்கே இருக்கும் வெஸ்டர்வால்ட் மலைநாடு அவர் பிறந்த சீமையை ஒட்டியது. கிழவரையும் கிழவியையும், மணமக்களையும், பேரன் பேத்தி சூழ்ந்த குடும்பங்களையும் அவரவர் ஊரிலேயே படமெடுத்தார். காசு வாங்கிக்கொண்டு பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.

இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் புகைப்படத் தொகுப்புகளில் ஒன்று இப்படித்தான் தொடங்கியது. ஆர்டர் தேடிப் போன வழியில்.

இன்று போட்டோகிராபர்களோடு பேசினால் இரண்டு கணக்கு சொல்வார்கள். கல்யாண ஆல்பமும் பாஸ்போர்ட் சைஸ் படமும் வயிற்றுக்கு. ‘பெர்சனல் புராஜெக்ட்’ மனசுக்கு. முன்னதில் சம்பாதித்து, மிச்சம் பிடித்த நேரத்தில் பின்னதைச் செய்ய வேண்டும் என்பது எழுதாத விதி. இந்தப் பிரிவினையை நான் நம்புவதில்லை. நம்பாததற்கு முதல் காரணம் சாண்டர். அவருடைய ‘இருபதாம் நூற்றாண்டின் மனிதர்கள்’ தொகுப்பில் பெரும் பங்கு, யாரோ காசு கொடுத்துத் தங்களுக்காக எடுத்துக்கொண்ட படங்கள். பிரிண்டை வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நெகட்டிவ் ஸ்டூடியோவிலேயே தங்கிவிட்டது. அந்தத் தங்கிப்போன கண்ணாடித் தட்டுகளை அவர் எப்படிப் பார்த்தார், எதற்குப் பக்கத்தில் எதை வைத்தார் என்பதில்தான் அவருடைய கலை இருக்கிறது.

சுரங்கத்துப் பையன்

சாண்டர் 1876 நவம்பர் 17 அன்று ஹெர்டார்ஃப் என்ற ஊரில் பிறந்தார். இரும்புத்தாதுச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி அது. அப்பா சுரங்கத்தில் தச்சர். பையனும் சுரங்க வேலைக்குத்தான் போனான். ஒருநாள் சுரங்கத்தைப் படம் பிடிக்க வெளியூரிலிருந்து ஒரு போட்டோகிராபர் வந்தார். அவருக்கு எடுபிடியாக இந்தப் பையனை அனுப்பிவைத்தார்கள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் கண்ணாடியில் விழுந்த மலையையும் மேகத்தையும் பார்த்ததோடு அவன் வழி மாறிவிட்டது. மாமா ஒருவர் கேமரா வாங்கப் பணம் கொடுத்து உதவினார். ராணுவச் சேவைக் காலத்தில் ட்ரியர் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் உதவியாளர், பிறகு பெர்லின், ட்ரெஸ்டன் என்று ஊர் ஊராக வேலை, 1901-ல் லின்ஸ். அங்கே வேலைக்காரராகச் சேர்ந்து, பங்காளியாகி, 1904-ல் முழு முதலாளியே ஆனார்.

லின்ஸில் அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் பின்னால் வந்த சாண்டரை அடையாளம் காண்பது கடினம். ‘கம் பிரிண்ட்’ என்ற முறை அப்போது நாகரிகம். தாளின்மேல் பிசினும் நிறமியும் பூசி, தூரிகையால் வருடி, போட்டோவை ஓவியம்போல மாற்றுவது. முகமெல்லாம் புகைமூட்டம். நெகட்டிவ்மேல் கூரிய பென்சிலால் ‘டச்சிங்’ செய்து சுருக்கங்களை மறைப்பதும் வழக்கம். கண்காட்சிகளில் இந்த மாதிரிப் படங்களுக்குப் பதக்கங்கள் கிடைத்தன. அவருக்கும் கிடைத்தன.

கொலோன் வந்தபின் அவர் இதையெல்லாம் படிப்படியாகக் கைவிட்டார். முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், வெஸ்டர்வால்ட் விவசாயிகளின் பழைய நெகட்டிவ்களை வேறு மாதிரித் தாளில் அச்சிட்டுப் பார்த்தார். கட்டடங்களையும் இயந்திரங்களையும் படமெடுப்பவர்கள் பயன்படுத்தும் மழமழப்பான பளபளப்புத் தாள் அது. தோலின் ஒவ்வொரு வரியும், சட்டைத்துணியின் நெசவும், நகக்கண் அழுக்கும் தெரிந்தன. அவருடைய ஓவிய நண்பர்கள் அசந்துபோனார்கள். பத்து ஆண்டுக்கு முன்பே எடுத்த அதே தட்டுகள்தாம். இத்தனை நாள் அவற்றுக்குள் என்ன இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. வாடிக்கையாளருக்கு எடுத்த படத்தை நாம் ஏன் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சில விநாடி அசையாமை

சாண்டர் வேலை செய்த விதம் எளிமையானது, பிடிவாதமானது. கையடக்கமான லைக்கா கேமரா 1925-ல் கடைக்கு வந்துவிட்டது. அவர் அதன் பக்கம் போகவில்லை. முக்காலியில் நிறுத்திய பெரிய கேமரா, கண்ணாடித் தட்டு, பகல் வெளிச்சம். லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி, மூக்கு நுனியிலிருந்து கோட்டுப் பொத்தான்வரை எல்லாம் துல்லியமாக விழ வைப்பார். துவாரம் சிறுத்தால் வெளிச்சம் குறையும். வெளிச்சம் குறைந்தால் தட்டு ஒளியை வாங்கச் சில விநாடி ஆகும். அந்தச் சில விநாடியும் ஆள் அசையக் கூடாது.

அவருடைய படங்களில் யாரும் ஏன் பல்லைக் காட்டுவதில்லை என்று கேட்பவர்களுக்கு விடை இதில் பாதி இருக்கிறது. சிரிப்பை அத்தனை நேரம் பிடித்துவைக்க முடியாது. மிச்சப் பாதி இதைவிட முக்கியம்: அசையாமல் நிற்கச் சொன்னால் மனிதர் தம்மைத் தாமே கூட்டிச் சேர்த்துக்கொள்கிறார். தாம் யாரென்று நினைக்கிறாரோ அந்த ஆளாக நிற்கிறார். 1928-ல் எடுத்த பலகாரக்காரரைப் பாருங்கள். வெள்ளை அங்கி, மழித்த தலை, கையில் பெரிய பாத்திரம், கனத்த உடம்பு. தன் அடுப்படியில் ராஜாபோல நிற்கிறார். அதே ஆண்டு எடுத்த கட்டட வேலைத் தொழிலாளி, செங்கல் அடுக்கிய பலகையைத் தோளில் தாங்கி நேருக்கு நேர் பார்க்கிறார். பின்னணி முழு இருட்டு. சுமை கனக்கிறது என்ற குறிப்பே அந்த முகத்தில் இல்லை. 1931-ல் கொலோன் வானொலி நிலையத்துச் செயலாளர்: வெட்டிய தலைமுடி, விரலிடுக்கில் சிகரெட், யாருடைய அனுமதியும் தேவைப்படாத பார்வை.

எப்படி நிற்க வேண்டும் என்று அவர் அதிகம் கட்டளையிட்டதாகத் தெரியவில்லை. உடுப்பு அவர்களுடையது, கருவி அவர்களுடையது, பெரும்பாலும் இடமும் அவர்களுடையது. போட்டோகிராபர் சேர்த்தது கவனம்தான்.

நடனத்துக்குப் போன மூவர்

எல்லோருக்கும் தெரிந்த சாண்டர் படம் 1914-ல் எடுத்தது. வெஸ்டர்வால்டில் மண்பாதை. கறுப்பு சூட், தொப்பி, கைத்தடியோடு மூன்று இளைஞர்கள் நடனத்துக்குப் போகிற வழியில் நின்று, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார்கள். இடக்கோடியில் நிற்பவன் வாயில் சிகரெட், தலையில் சற்றே சரிந்த தொப்பி. சாண்டர் வைத்த தலைப்பு ‘இளம் விவசாயிகள்’. படமெடுத்த அதே ஆண்டு ஆகஸ்டில் போர் மூண்டது.

இந்தப் படத்தை வைத்துக் கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்யும் வர்க்கத்துக்காக வெட்டப்பட்ட உடை சூட். மண்ணில் உழைக்கிற உடம்பில் அது ஏறும்போது அந்த உடம்பையே கோணலாக்கிக் காட்டுகிறது என்பது அவர் வாதம். அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் பவர்ஸ் இதே படத்தை மையமாக வைத்து 1985-ல் ஒரு நாவலே எழுதினார். பிறகு ஆராய்ச்சியாளர்கள் ஊருக்குள் போய் விசாரித்தார்கள். மூவரும் சுரங்கத்தோடு தொடர்புள்ள வேலையில் இருந்தவர்கள், ஏர் பிடித்து வாழ்ந்தவர்கள் அல்லர் என்று தெரியவந்தது. ஒருவர் போரில் இறந்திருக்கிறார்.

எனக்கு இந்தத் திருத்தம் படத்தைவிட்டு விலகவைக்கவில்லை. இன்னும் நெருங்க வைக்கிறது. சாண்டர் மனிதர்களுக்குப் பெயர் போடவில்லை, தொழில் போட்டார். தலைப்பு ஒரு பெட்டி. அந்த மூவரும் பெட்டிக்குள் அடங்காமல் நின்றார்கள் என்பது படத்திலேயே தெரிகிறது: மூன்று உடம்பும் மூன்று விதமாகத் தடியை ஊன்றியிருக்கின்றன. மாதிரி மனிதனைத் தேடிப் போனவர் கையில் தனி மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள். அவருடைய வாழ்நாள் வேலை முழுக்க இந்த இழுபறிதான்.

ஏழு பகுப்பு

போர்க்காலத்தில் சாண்டர் ராணுவ மருத்துவப் பிரிவில் இருக்க, ஸ்டூடியோவை நடத்தியவர் அன்னா. சாண்டரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கணவர் இல்லாத ஆண்டுகளில் அந்தக் கதவு மூடாமல் இருந்தது அவரால்தான். தொகுப்பில் அன்னாவின் படம் ஒன்று இருக்கிறது. 1911-ல் அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஆண் குழந்தை பிழைக்கவில்லை. உயிரோடு இருக்கும் மகளையும் இறந்த மகனையும் இரு கைகளிலும் ஏந்தி அவர் உட்கார்ந்திருக்கிறார். தன் வீட்டுத் துக்கத்தையும் சாண்டர் மற்றவர் படங்களோடு சேர்த்தே வைத்தார்.

1920-களின் தொடக்கத்தில் கொலோனில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் ஸைவெர்ட், ஹைன்ரிச் ஹோர்லே முதலிய இடதுசாரி ஓவியர்களின் நட்பு கிடைத்தது. சமூகத்தின் கட்டமைப்பையே படமாக்க முடியுமா என்ற பேச்சு அந்த வட்டத்தில் நடந்துகொண்டிருந்தது. சாண்டர் தன் தட்டுகளைப் புதிய கண்ணோடு அடுக்கத் தொடங்கினார். திட்டம் உருவாயிற்று: விவசாயி, கைத்தொழிலாளி, பெண், தொழில்களும் வர்க்கங்களும், கலைஞர்கள், பெருநகரம், கடைசி மனிதர்கள் என ஏழு பகுப்பு. 45 தொகுதி, தொகுதிக்கு 12 படம்.

இதற்கான முகங்கள் எங்கிருந்து வந்தன? ஸ்டூடியோவுக்குத் தாமாக வந்த வக்கீல், டாக்டர், ஆலை முதலாளி குடும்பம். நண்பர்களான ஓவியர்கள், அவர்கள் வழியாக வந்த ஓட்டோ டிக்ஸ், ராவுல் ஹவ்ஸ்மான், இசையமைப்பாளர் பால் ஹிண்டமித். கிராமத்து ஆர்டர்கள். பிச்சைக்காரர், சர்க்கஸ்காரர், வேலையிழந்தவர் ஆகியோரை மட்டும் அவரே தேடிப் போயிருக்க வேண்டும். அவர்கள் காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிற நிலையில் இல்லை. காசு கொடுத்தவரும் கொடுக்காதவரும் அந்தத் தொகுப்பில் ஒரே அளவில், ஒரே மரியாதையோடு வந்து உட்கார்ந்தார்கள்.

இந்தப் பகுப்பில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பெண்ணுக்குத் தனிப் பெட்டி போட்டு, அதில் பலரை இன்னாருடைய மனைவி என்று அடக்கியது ஒன்று. பார்வையற்றவரையும் ஊனமுற்றவரையும் முதியவரையும் இறந்தவரையும் ‘கடைசி மனிதர்கள்’ என்று கூட்டியது அதைவிடக் கசப்பு. மண்ணில் தொடங்கி, நகரத்தில் உச்சிக்குப் போய், அங்கிருந்து சரிவது என்ற அந்தக் காலத்துச் சிந்தனையின் நிழல் அது. ஆனால் பார்வையற்ற பள்ளிக் குழந்தைகளின் படத்தைப் பார்க்கும்போது பகுப்பு உதிர்ந்துபோகிறது. அந்தக் குழந்தைகளை எடுத்த கவனத்துக்கும் ஆலை முதலாளியை எடுத்த கவனத்துக்கும் இம்மியளவும் வித்தியாசம் இல்லை.

1929-ல் ‘காலத்தின் முகம்’ என்ற பெயரில் 60 படங்கள் கொண்ட முன்னோட்ட நூல் வந்தது. வெளியிட்டவர் கர்ட் வோல்ஃப், காஃப்காவின் நூல்களை வெளியிட்டவர். முன்னுரை நாவலாசிரியர் ஆல்ஃபிரெட் டோப்லின். 1931-ல் ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் புகைப்படத்தின் வரலாறு பற்றிய கட்டுரையில் இந்த நூலை வெறும் படப் புத்தகமாகக் கொள்ளாமல், பார்த்துப் பயிலுவதற்கான வரைபடத் தொகுதியாகக் கண்டார். அரசியல் மாறப்போகிற நாட்டில் எதிரே வருபவரின் முகத்தைப் படிக்கத் தெரிவது உயிர்ப் பிரச்சினையாகும் என்று அவர் எண்ணியிருந்தார். இரண்டே ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

ஒரே ஸ்டூடியோவில் இரு தரப்பும்

அதே காலத்தில் எர்னா லென்ட்வாய் டிர்க்சென் என்ற பெண் போட்டோகிராபரும் ஜெர்மன் விவசாயிகளின் முகங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். அவர் தேடியது தூய இனத்தின் முகம். நாஜிகள் அவரைக் கொண்டாடினார்கள். சாண்டரின் நூலில் புரட்சிக்காரரும் வேலையற்றவரும் முதலாளியும் வரிசையாக நின்றார்கள். அதில் தூய்மை என்ற பேச்சுக்கே இடமில்லை. 1936-ல் நூலின் மீதிப் பிரதிகளைக் கைப்பற்றி, அச்சுத் தகடுகளை அழித்தார்கள்.

வீட்டில் அதற்கு முன்பே இடி விழுந்திருந்தது. மூத்த மகன் எரிச் இடதுசாரிக் கட்சிக்காரர். 1934-ல் கைதானார், பத்தாண்டுச் சிறை. அந்தச் சிறையிலும் அவர் போட்டோகிராபராகவே வேலை செய்தார். உடனிருந்த அரசியல் கைதிகளை அவர் எடுத்த படங்கள் ரகசியமாக வெளியே வந்து சேர்ந்தன.

சாண்டர் நிலக்காட்சி பக்கம் ஒதுங்கினார்: ரைன் நதி, மலைகள், செடிகொடிகள். ஆனால் ஸ்டூடியோவை மூட முடியாது, சாப்பிட வேண்டுமே. படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களில் இப்போது சீருடைக்காரர்களும் இருந்தார்கள். எஸ்.எஸ். அதிகாரி, ஹிட்லர் இளைஞர் படைப் பையன். எல்லோரையும் எடுத்தார்.

1938 ஜூலையில் ஒரு ஆணை வந்தது. யூதர்கள் ஆண்டு முடிவதற்குள் தனி அடையாள அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்; அதில் ‘ஜே’ எழுத்து இருக்கும்; ஒட்டும் படத்தில் இடது காது தெரிய வேண்டும். அந்தக் காலகட்டத்தில் கொலோனின் யூதர்கள் சாண்டரின் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். அவர் எடுத்தவை அட்டைக்கு வேண்டிய துண்டு முகங்கள் மட்டும் அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து, ஒருபக்கமாக வரும் வெளிச்சத்தில், சற்றே விலகிப் பார்க்கிற முழுமையான உருவப்படங்கள். நடுத்தர வயதுப் பெண்கள், டை கட்டிய பெரியவர்கள். யாரும் அழவில்லை, எதையும் நடிக்கவில்லை. அரசு கேட்டது ஆளைப் பிடித்துக்கொடுக்கும் படம். சாண்டர் அதே வேலையைச் செய்துகொண்டே வேறொன்றை எடுத்துவைத்தார்.

போருக்குப் பின் இவற்றைத் தன் பெருந்தொகுப்பின் ‘பெருநகரம்’ பகுப்பில் ‘துன்புறுத்தப்பட்டவர்கள்’ என்ற தலைப்பில் சேர்த்தார். பக்கத்தில் எரிச் எடுத்த அரசியல் கைதிகள். எரிச் 1944-ல், தண்டனை முடியச் சில மாதங்களே இருக்கும்போது, குடல்வால் அழற்சிக்கு வைத்தியம் கிடைக்காமல் சிறையில் இறந்தார். மகனின் முகத்தை வார்த்தெடுத்த அச்சை அப்பா படமெடுத்து அந்தத் தொகுதியில் வைத்தார்.

நாஜி அதிகாரியும் ‘தொழில்களும் வர்க்கங்களும்’ பகுப்பில் இருக்கிறார். இது சிலருக்கு உறுத்துகிறது. ஏன் தரம் பிரிக்கவில்லை, ஏன் கண்டிக்கவில்லை? என் எண்ணம் வேறு. எடுத்தவர் கண்டித்திருந்தால் அந்த அதிகாரியை ஓர் அரக்கனாக ஒதுக்கிவிட்டு நிம்மதியாகப் போயிருப்போம். படத்தில் அந்த அதிகாரி பக்கத்துத் தெருக்காரர் மாதிரி இருக்கிறார். அந்த உண்மையைச் சொல்ல ஒரு ஸ்டூடியோ போட்டோகிராபரால்தான் முடிந்தது, ஏனென்றால் இரு தரப்பும் அவரிடம்தான் வந்தது. 2018-ல் பாரிஸில் யூத இனப்படுகொலைக்கான ஷோவா நினைவகம் இந்த இரு தரப்புத் தொகுதிகளையும் ஒன்றாக வைத்துக் கண்காட்சி நடத்தியது. கொலோன் ஆராய்ச்சியாளர்களின் உழைப்பால், சாண்டர் பெயரிடாமல் விட்ட யூதர்கள் பலருக்குப் பெயரும், அவர்களுக்கு நேர்ந்த கதியும் திரும்பக் கிடைத்திருக்கின்றன. தொழில் பெயர் போதாது, ஆளின் பெயர் வேண்டும் என்ற கட்டாயம் வேறெந்தத் தொகுதியையும்விட இங்கே அதிகம்.

தீயும் மிச்சமும்

குண்டுவீச்சு நெருங்கியபோது சாண்டர் மிக முக்கியமான நெகட்டிவ்களைப் பொறுக்கி, வெஸ்டர்வால்டின் குக்ஹாவ்சன் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோனார். சுமார் 10,000 கண்ணாடித் தட்டுகள். போர்க்காலத்தில் அந்தக் கனத்தையும் அந்த உடையும் பொருளையும் இடம் மாற்றுவது என்ன பாடு என்று தட்டு கையாண்டவர்களுக்குத் தெரியும். 1944-ல் ஸ்டூடியோ தரைமட்டமானது. நிலவறையில் விட்டுவந்த 25,000 முதல் 30,000 நெகட்டிவ்கள் குண்டுக்குத் தப்பின. போர் முடிந்தபின், 1946-ல், தீயில் போயின. எரிந்தவற்றில் பெரும்பாலானவை சாதாரண வாடிக்கையாளர் படங்களாகத்தான் இருந்திருக்கும். அதனால் இழப்பு சிறிது என்று நினைக்க என்னால் முடியவில்லை. எந்த ஆர்டர் எப்போது தொகுப்புக்குள் நுழையும் என்று சாண்டருக்கே முன்கூட்டித் தெரிந்ததில்லை.

அவர் கிராமத்திலேயே தங்கிவிட்டார், பழைய தட்டுகளை அச்சிட்டு அடுக்கிக்கொண்டே. 1951-ல் கொலோனின் ஃபோட்டோகினா கண்காட்சியில் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தார். அமெரிக்கப் போட்டோகிராபர் எட்வர்ட் ஸ்டைக்கன் நேரில் வந்து படங்களைத் தேர்ந்தெடுத்து, 1955-ல் நியூயார்க்கின் ‘மனிதக் குடும்பம்’ கண்காட்சியில் வைத்தார். சாண்டர் 1964 ஏப்ரல் 20 அன்று இறந்தார். திட்டம் முடிந்திருக்கவில்லை. மகன் குந்தர் 1980-ல் ஒரு பெருநூலாக அதைக் கொண்டுவந்தார். 1992-ல் சாண்டர் ஆவணங்கள் கொலோனின் அறக்கட்டளை ஒன்றுக்கு வந்துசேர்ந்தன. அங்கிருந்து 2002-ல் ஏழு பாகங்களாக, 619 படங்களோடு தொகுப்பு வந்தது. 2015-ல் அந்த 619-ன் முழு வரிசையையும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கியது.

2022-ல் கொள்ளுப்பேரன், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களின் டிஜிட்டல் வடிவங்களை என்.எஃப்.டி. என்ற டிஜிட்டல் உரிமைச் சான்று முறையில் இலவசமாக இணையத்தில் வெளியிட்டார். உரிமை தங்களிடம் இருப்பதாகக் கொலோன் அறக்கட்டளை எதிர்ப்புத் தெரிவித்தது, வெளியீடு நின்றது. தட்டைப் பத்திரப்படுத்தியவர்களுக்கும் வாரிசுக்கும் இடையில் நடந்த அந்த வாதத்தில், பிரிண்டுக்குக் காசு கொடுத்து எதிரே உட்கார்ந்தவர்களைப் பற்றி யாரும் பேசியதாக நான் படிக்கவில்லை. படமெடுத்தவர் இறந்து 70 ஆண்டு ஆகும்வரை காப்புரிமை என்பது ஜெர்மானியச் சட்டம். 2034 முடிவோடு அந்த முகங்கள் எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.